வெறும் பாறைகள் அல்ல: லோன் பைன் நகரும் திரைப்பட மறதியும்

ஒரு திரைப்படம் எடுக்கப்பட்ட இடத்துக்கும் அத்திரைப்படம் கூறும் கருத்துக்கும் தொடர்பில்லை என்ற எண்ணம் எம்மிடையே கற்றோர் பலரிடமும் உண்டு. பாறை பாறைதான், மணல் மணல்தான். அவற்றின் முன்னே நின்று நடிகன் எதைப் பேசினாலும் அதற்குப் பாறை பொறுப்பாகாது என்பர். கலையை வரலாற்றினின்றும் பிரித்தெடுத்துச் சுவைக்க விரும்புவோருக்கு இவ்வாதம் மிகவும் வாய்ப்பானது. படத்தைப் பார்த்தவர் அதில் வந்த இடத்தைச் சென்று பார்ப்பதும், நடிகர் நின்ற இடத்தில் தாமும் நின்று புகைப்படம் எடுத்துக்கொள்வதும் தீங்கற்ற பொழுதுபோக்கு என்றே கொள்ளப்படுகின்றன. இவ்வெண்ணம் தவறானது என்பதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். சான்றாக, ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள லோன் பைன் என்னும் பாலைநிலச் சிற்றூரை எடுத்துக்கொள்வோம்.

லொஸ் ஏஞ்சலிஸ் நகருக்கு வடக்கே ஏறத்தாழ 200 மைல் தொலைவில், சியரா நெவாடா மலைத்தொடரின் கிழக்கு அடிவாரத்தில், ஓவன்ஸ் பள்ளத்தாக்கில் அமைந்தது லோன் பைன். மக்கள் தொகை ஏறக்குறைய 2,000. மேற்கே 14,505 அடி உயரமான விட்னி சிகரம் நிற்கின்றது; அலாஸ்கா நீங்கலாக ஐக்கிய அமெரிக்காவிலே இதனிலும் உயர்ந்த சிகரம் இல்லை. ஊருக்கும் மலைக்கும் இடையே, காலத்தால் உருண்டு தேய்ந்த கருங்கற் பாறைகள் குவிந்து கிடக்கும் நிலப்பகுதியே அலபாமாக் குன்றுகள் எனப்படுவது. 1920 ஆம் ஆண்டு ‘த ரவுண்ட் அப்’ என்னும் மௌனப்படம் இங்கு எடுக்கப்பட்டது. அதன்பின் இன்றுவரை 400க்கும் மேற்பட்ட படங்கள் இக்குன்றுகளில் எடுக்கப்பட்டுள்ளன எனக் கணக்கிடுவர். ஹொபலோங் கசிடி, ரோய் ரோஜர்ஸ், ஜீன் ஓட்ரி, ஜோன் வெய்ன் எனக் கௌபோய்ப் படங்களின் பெரும் பெயர்கள் யாவும் இப்பாறைகளிடையே குதிரை ஓட்டியவை. 1990 ஆம் ஆண்டு முதல் ஒக்டோபர் மாதந்தோறும் இவ்வூரிலே திரைப்பட விழா நடைபெற்று வருகின்றது. 2006 ஆம் ஆண்டு திரைப்பட நூதனசாலையொன்றும் திறக்கப்பட்டது. ‘மூவி ரோட்’ என்றே ஒரு வீதிக்குப் பெயர். இன்று இவ்வூருக்கு வரும் பயணி கையிலே வரைபடமொன்றை வைத்துக்கொண்டு, எந்தப் பாறையின் பின்னே எந்தக் கதாநாயகன் பதுங்கியிருந்தான் எனத் தேடிச் செல்லலாம்.

இப்பயணி எதனைக் காண்கின்றார் என்பதிலும், எதனைக் காணாது செல்லும்படி பயிற்றப்பட்டிருக்கின்றார் என்பதே எம் வினாவாகும்.

முதலிற் பெயரை நோக்குவோம். கலிபோர்னியாவிலுள்ள குன்றுகளுக்கு அலபாமா என்ற தென்மாநிலத்தின் பெயர் வந்தது எவ்வாறு? அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலக் கூட்டமைப்பின் போர்க்கப்பல் ஒன்றின் பெயர் ‘அலபாமா’. வடபகுதியின் வணிகக் கப்பல்களை அது சூறையாடிய செய்தி கேட்டு மகிழ்ந்த சுரங்கக்காரர்கள் அதன் பெயரைத் தம் சுரங்கங்களுக்கு இட்டனர். பின்னர் அதுவே குன்றுகளின் பெயராயிற்று. 1864 ஆம் ஆண்டு ‘கியர்சார்ஜ்’ என்ற வடபகுதிக் கப்பல் அதனை மூழ்கடித்தபோது, வடபகுதி ஆதரவாளர் அருகிலுள்ள மலைக்கும் சுரங்கக் குடியிருப்புக்கும் அப்பெயரை இட்டனர். எனவே படப்பிடிப்பாளர் வருவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே இப்பாறைகள் அரசியலின் பெயரைச் சுமந்து நின்றன. வெறும் பாறை என ஒன்று இவ்விடத்து ஒருபோதும் இருந்ததில்லை.

அதற்கும் முந்திய பெயரொன்று இப்பள்ளத்தாக்குக்கு உண்டு. இங்கு வாழ்ந்த, இன்றும் வாழும், பையூட் மக்கள் தம் மொழியில் இதனை ‘ஓடும் நீரின் நிலம்’ எனப் பொருள்படும் பெயரால் அழைப்பர். மலைப்பனி உருகி வரும் ஓடைகளை வாய்க்கால் வெட்டித் திருப்பி, உணவுக்குரிய கிழங்குகளும் விதைகளும் தரும் காட்டுப் பயிர்களுக்கு நீர் பாய்ச்சியவர் அவர். 1861 ஆம் ஆண்டளவிலே வெள்ளைக் குடியேறிகள் மாட்டு மந்தைகளுடன் வந்தனர். மந்தைகள் அப்பயிர்களை மேய்ந்தழித்தன. பட்டினியும் அதன் வழிப் போரும் தொடர்ந்தன. 1863 ஆம் ஆண்டு ஜூலை மாதத்திலே, ஏறத்தாழ ஆயிரம் பையூட் மக்களைப் படையினர் கோடை வெயிலில் நடத்தித் தெற்கே தெஹோன் கோட்டைக்குக் கொண்டு சென்றனர். வழியிலே பலர் இறந்தனர், சிலர் தப்பினர். தப்பியோரும் திரும்பியோரும் தம் சொந்த நிலத்திலேயே பிறர் பண்ணைகளிற் கூலிகளாயினர்.

இவ்வரலாற்றை மனங்கொண்டு, இக்குன்றுகளில் எடுக்கப்பட்ட கௌபோய்ப் படங்களின் பொதுவான கதையமைப்பை நோக்குதல் வேண்டும். அங்கே நிலம் வெறுமையானது. உழைக்கும் குடியேறி அதனைப் பண்படுத்த வருகின்றான். பாறை மறைவிலிருந்து செவ்விந்தியன் பாய்ந்து தாக்குகின்றான். உண்மையிலே நீர் பாய்ச்சியவன் காட்டுமிராண்டியாகவும், அந்நீர்ப் பயிரை மாட்டுக்கு இரையாக்கியவன் நாகரிகத்தின் தூதனாகவும் தலைகீழாக்கப்படுகின்றனர். இத்தலைகீழாக்கம் நிகழ்ந்தது எங்கோ தொலைவிலிருந்த ஓர் அரங்கிலன்று. அம்மக்கள் வாழ்ந்த, வெளியேற்றப்பட்ட, அதே நிலத்திலேயே நிகழ்ந்தது. கொள்ளையடிக்கப்பட்ட வீட்டின் முற்றத்திலே கொள்ளைக்காரனின் வீரத்தைக் கூத்தாக ஆடுவது போன்றதே இது.

இரண்டாவது வெளியேற்றம் நீரின் வெளியேற்றம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே லொஸ் ஏஞ்சலிஸ் நகரின் முகவர்கள் இப்பள்ளத்தாக்கின் நிலங்களையும் நீருரிமைகளையும் வாங்கத் தொடங்கினர். தம் நோக்கத்தை மறைத்தே பலவற்றை வாங்கினர். 1913 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலே 233 மைல் நீளமான கால்வாய் திறக்கப்பட்டது. ஓவன்ஸ் ஆற்றின் நீர் மலையும் பாலையும் கடந்து நகருக்குச் சென்றது. லோன் பைனுக்குத் தெற்கேயிருந்த, 100 சதுர மைலுக்கு மேற்பட்ட பரப்புடைய, 1870களிலே நீராவிக் கப்பல் ஓடிய ஓவன்ஸ் ஏரி, 1920களின் நடுப்பகுதியளவிலே வற்றிப்போயிற்று. வற்றிய ஏரிப் படுகையிலிருந்து எழுந்த நச்சுத் தூசி பல தசாப்தங்களாக இப்பகுதி மக்களின் சுவாசத்திற் கலந்தது. அத்தூசியை அடக்கும் வேலையை நகரம் தொடங்கியது 2001 ஆம் ஆண்டளவிலேதான்.

1924 ஆம் ஆண்டு நவம்பர் 16 ஆந் திகதி, பள்ளத்தாக்கின் விவசாயிகளும் வணிகருமாகச் சுமார் 70 பேர் லோன் பைனுக்கு வடக்கேயுள்ள கால்வாய் மதகுகளைக் கைப்பற்றி, நகருக்குச் செல்ல வேண்டிய நீரை மீண்டும் ஆற்றிலே திறந்துவிட்டனர். நான்கு நாட்கள் அவ்விடத்தை அவர்கள் வைத்திருந்தனர். பெண்களும் குழந்தைகளும் உணவு கொண்டுவந்து கூடினர். அவ்வேளை அண்மையிலே படப்பிடிப்பில் ஈடுபட்டிருந்த புகழ்பெற்ற கௌபோய் நடிகர் டொம் மிக்ஸ், போராடியோரை மகிழ்விக்கத் தம் வாத்தியக் குழுவை அனுப்பினார் எனக் கூறுவர். பலரும் சுவையான துணுக்காக எடுத்துரைக்கும் இச்செய்தியை நான் வேறொரு வகையில் வாசிக்க விரும்புகின்றேன். ஒரு புறத்திலே நிலமும் நீரும் பற்றிய உண்மையான போராட்டம். மறுபுறத்திலே நிலமும் நீரும் பற்றிய கற்பனைப் போராட்டத்தைப் படமாக்கும் தொழில். இரண்டும் கூப்பிடு தூரத்தில் நடைபெறுகின்றன. உண்மைப் போராட்டத்துக்குக் கிடைத்தது ஒரு நாள் இசை. கற்பனைப் போராட்டத்துக்கோ நூற்றாண்டு காலத் திரை.

போராடியோர் தோற்றனர். பள்ளத்தாக்கின் அடிநிலத்திற் பெரும்பகுதி நகரின் சொத்தாயிற்று. பழத்தோட்டங்கள் பட்டன. விவசாயம் நலிந்த ஊருக்கு எஞ்சிய பிழைப்புகளுள் ஒன்று, அதே நகரிலிருந்து வந்த இன்னொரு தொழிலுக்குக் குதிரைகளும் துணை நடிகர்களும் தங்குமிடமும் வழங்குவது. லொஸ் ஏஞ்சலிஸ் இப்பள்ளத்தாக்கிலிருந்து நீரை எடுத்துச் சென்றது. ஹொலிவூட் அதன் வெறுமையை எடுத்துச் சென்றது. முதலாவதற்குக் குழாய் வேண்டியிருந்தது. இரண்டாவதற்குக் கமரா போதுமாயிருந்தது.

இவ்விடத்து எம் தென்னாசியாவுக்கும் நேரடித் தொடர்புடைய ஒரு படத்தைக் குறிப்பிடுதல் வேண்டும். 1938 ஆம் ஆண்டு இக்குன்றுகளில் எடுக்கப்பட்டு 1939 ஆம் ஆண்டு வெளிவந்தது ‘கங்கா தின்’. இயக்கியவர் ஜோர்ஜ் ஸ்டீவன்ஸ். கிப்ளிங்கின் கவிதையொன்றின் பெயரையும் பாத்திரத்தையும் கொண்டு புனையப்பட்ட இக்கதையிலே, அலபாமாக் குன்றுகள் இந்தியாவின் வடமேற்கு எல்லைப்புறமாயின. பாறைகளின் நடுவே பொற்கூரை வேய்ந்த கோயிலொன்று கட்டப்பட்டது. பிரித்தானியப் படைக்குத் தண்ணீர் சுமக்கும் ஏவலாளனான கங்கா தின், தன் இனத்தவர் வகுத்த பொறியைக் கொம்பூதிக் காட்டிக்கொடுத்து, தன்னை ஆள்வோரைக் காப்பாற்றி உயிர்விடுகின்றான். இறந்தபின் அவனுக்குப் படைப்பதவி வழங்கப்படுகின்றது. கங்கா தின்னாக நடித்தவர் நியூயோர்க்கிற் பிறந்த சாம் ஜாபி. ஆட்சியை எதிர்க்கும் இந்தியக் குருவாக நடித்தவர் இத்தாலியரான எடுவார்டோ சியனெல்லி. வங்காளத்திலும் பம்பாயிலும் இப்படம் தடைசெய்யப்பட்டது. இந்தியா விடுதலைப் போராட்டத்தின் உச்சத்தை நெருங்கிய காலத்திலே, அடிமையின் மிக உயர்ந்த அறம் எசமானுக்காக இறப்பதே எனக் கற்பித்த படம் அது.

பாறைக்குக் கருத்தில்லை என்போர் இதற்கு விடை கூறட்டும். செவ்விந்தியனை அடக்கிய நிலம் எவ்வித மாற்றமுமின்றி இந்தியனை அடக்கும் நிலமாயிற்று. குதிரைப் படை அதே பாதையில் ஓடியது. மறைந்திருந்து தாக்கும் பகைவன் அதே பாறையின் பின்னே நின்றான். தலைப்பாகை மட்டுமே மாறியது. காட்சிமொழி ஒன்றாயிருந்தமையாலேயே இம்மாற்றம் இத்துணை எளிதாயிற்று. தண்ணீர் சுமப்பவனின் விசுவாசத்தைப் போற்றும் கதை தண்ணீர் பறிக்கப்பட்ட பள்ளத்தாக்கிலே படமாக்கப்பட்டது என்ற முரணை அக்காலத்து விமர்சகர் கவனித்திருப்பாரோ அறியோம். இன்று அங்கு செல்லும் பயணியாவது கவனித்தல் வேண்டும். இவ்வழக்கம் பழங்கதையுமன்று. 2008 ஆம் ஆண்டு வெளிவந்த ‘அயன் மேன்’ படத்திலே இதே குன்றுகள் ஆப்கானிஸ்தானாயின. எழுபது ஆண்டுகளின் பின்னரும் பகைவன் அதே திசையிலிருந்தே வருகின்றான்.

மூன்றாவது வெளியேற்றமே மிகக் கொடியது. லோன் பைனிலிருந்து அதே நெடுஞ்சாலையில் வடக்கே ஏறத்தாழ பத்து மைல் சென்றால் மன்சனார் என்ற இடத்தை அடையலாம். ஸ்பானிய மொழியிலே அச்சொல்லுக்கு ஆப்பிள் தோட்டம் என்பது பொருள். பையூட் மக்கள் வாழ்ந்த அந்நிலத்திலே 1910 அளவில் பழத்தோட்டக் கிராமம் ஒன்று தோன்றியது. 1920களிலே நகரம் நிலத்தையும் நீரையும் வாங்கியதும் அது அழிந்தது. 1941 டிசெம்பரிலே யப்பான் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கியது. 1942 பெப்ரவரி 19 ஆந் திகதி ஜனாதிபதி ரூஸ்வெல்ற் பிறப்பித்த ஆணையின் கீழ், யப்பானிய வம்சாவளியினர் சுமார் 120,000 பேர் தம் வீடுகளிலிருந்து அகற்றப்பட்டுப் பத்து முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவருள் மூன்றில் இரு பங்கினர் அமெரிக்காவிற் பிறந்த பிரசைகள். ஒருவர் மீதேனும் குற்றம் நிறுவப்படவில்லை. அப்பத்து முகாம்களுள் ஒன்று மன்சனார். லொஸ் ஏஞ்சலிஸ் நகருக்குச் சொந்தமான நிலத்திலே முட்கம்பி வேலியும் காவற் கோபுரங்களும் எழுந்தன. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மரப்பலகைக் கொட்டில்களில் வாழ்ந்தனர். 1942 டிசெம்பரிலே கூடிய கூட்டத்தின்மீது படையினர் சுட்டதில் இருவர் இறந்தனர். 1945 நவம்பரிலே முகாம் மூடப்பட்டது. முகாம் என்ற சொல்லின் பொருளை இந்நாட்டு வாசகருக்கு விளக்கிக்கூற வேண்டியதில்லை.

அம்மூன்றரை ஆண்டுக் காலத்திலும் அலபாமாக் குன்றுகளிற் கௌபோய்ப் படங்கள் தொடர்ந்து எடுக்கப்பட்டன என்பதே இங்கு நாம் அழுத்திக் கூற வேண்டிய செய்தி. ஒரு புறத்திலே எல்லையற்ற வெளியில் தன்னந்தனியாகக் குதிரையோட்டும் சுதந்திர மனிதன். பத்து மைல் தொலைவிலே துப்பாக்கியின் காவலில் பத்தாயிரம் பேர். சுதந்திரம் என்ற கருத்துநிலை எவருக்கு உரியது, எவரை விலக்கி அமைவது என்பதை இதனினும் தெளிவாகக் காட்டும் நிலக்காட்சி வேறில்லை.

இனி, எம் வாதத்துக்கு எதிராகக் கூறக்கூடியவற்றையும் நேர்மையுடன் நோக்குதல் வேண்டும்.

சினிமா முழுவதையும் நான் பழிப்பதாகச் சிலர் கூறலாம். அவ்வாறன்று. 1955 ஆம் ஆண்டு வெளிவந்த, ஜோன் ஸ்டர்ஜஸ் இயக்கிய ‘பாட் டே அற் பிளாக் ரொக்’ என்ற படமும் லோன் பைன் அருகே எடுக்கப்பட்டதே. போர் முடிந்த 1945 ஆம் ஆண்டு, பாலைநிலச் சிற்றூர் ஒன்றில் ஒற்றைக் கையர் ஒருவர் புகைவண்டியிலிருந்து இறங்குகின்றார். கொமோகோ என்ற யப்பானிய விவசாயியை அவர் தேடி வருகின்றார். அவனை முகாமுக்குக் கொண்டுபோய்விட்டனர் என ஊரவர் பொய்யுரைக்கின்றனர். உண்மையிலே, பேர்ள் துறைமுகத் தாக்குதலை அடுத்து ஊரவர் சிலரால் அவன் கொல்லப்பட்டிருந்தான். நீரில்லாத நிலமென எண்ணி அவனுக்குக் கொடுக்கப்பட்ட நிலத்திலே அவன் கிணறு தோண்டி நீர் கண்டமையும் அப்பகைக்கு ஒரு காரணம். நிலம், நீர், இனவெறி, கூட்டு மௌனம் என இப்பள்ளத்தாக்கின் வரலாறு முழுவதையும் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்திலே தொட்டுச் சென்ற படம் இது. இங்கும் ஒரு யப்பானியரேனும் திரையில் தோன்றவில்லை என்பது குறையே. எனினும், அதே பாறைகளின் நடுவே, அதே தொழிலுக்குள்ளிருந்தே உண்மையைப் பேச முடியும் என்பதற்கு இப்படம் சான்று. முடியாது என்பதன்று, பெரும்பாலோர் விரும்பவில்லை என்பதே எம் குற்றச்சாட்டு.

வறண்டுபோன ஊருக்குத் திரைப்படச் சுற்றுலாவே சோறு போடுகின்றது; அதனைக் குறைகூறுவது ஏழை ஊரவரைக் குறைகூறுவதாகும் என்பது மற்றொரு வாதம். இது வலுவான வாதமே. விடுதிக்காரரும் உணவகத் தொழிலாளியும் எம் பகைவரல்லர். தம் ஊரின் நினைவுப் பொருள்களைப் பேணும் நூதனசாலைக்காரரும் அல்லர். தமக்குரிய நீரை இழந்த ஊர் தன்னிடம் எஞ்சியதை விற்று வாழ்கின்றது. ஆனால் அவ்வூரை அந்நிலைக்குத் தள்ளியது எது என்ற வினாவை எழுப்பாத சுற்றுலா, ஊரவருக்குச் சோறு போடுவதுடன் அவர்தம் இழப்பையும் மூடி மறைக்கின்றது. ஊரவரை மதிப்பவர் அவர்களின் 1924 ஆம் ஆண்டு எழுச்சியையும் மதித்தல் வேண்டும்.

கற்பனையைக் கற்பனையென்று அறியாத பார்வையாளர் எவருமில்லை என்பது இன்னொரு வாதம். கதையைக் கற்பனையென்று அறிவோர் உளர். ஆயின் நிலத்தைக் கற்பனையென்று எவரும் கொள்வதில்லை. கதை பொய்யென்று தெரிந்த பின்னரும், அந்நிலம் வெறுமையானது, உரிமையாளரற்றது, வீரன் வந்து பெயரிடும்வரை காத்துக் கிடந்தது என்ற பதிவு மனத்தில் தங்கிவிடுகின்றது. பாத்திரத்தை நம்பாதவரும் பின்னணியை நம்புகின்றனர். கருத்துநிலை மிக ஆழமாகச் செயற்படுவது பின்னணியிலேதான். கங்கா தின்னின் எல்லைப்புறமாகவும் அயன் மேனின் ஆப்கானிஸ்தானாகவும் ஆகக்கூடிய இடம், காலப்போக்கில் எவருடைய இடமுமல்லாத ஒன்றாகிவிடுகின்றது. எங்குமாகக் காட்டப்படும் நிலத்திலே, அங்கேயே பிறந்தவன் அந்நியனாகின்றான்.

இவ்வந்நியமாக்கலை எதிர்த்து நின்றோரையும் நாம் மறத்தலாகாது. 1969 ஆம் ஆண்டு முதல் மன்சனாருக்கு ஆண்டுதோறும் நினைவு யாத்திரை மேற்கொள்ளப்படுகின்றது. அத்தகையோரின் விடாமுயற்சியாலேயே 1988 ஆம் ஆண்டு அமெரிக்க அரசு சட்டமூலம் மன்னிப்புக் கோரி, உயிர் பிழைத்திருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டொலர் வழங்க உடன்பட்டது. 1992 ஆம் ஆண்டு மன்சனார் தேசிய வரலாற்றுத் தலமாயிற்று. முகாமிலிருந்தோரே 1943 ஆம் ஆண்டு எழுப்பிய வெண்ணிற நினைவுத் தூண் இன்றும் பனிமலைகளைப் பின்னணியாகக் கொண்டு நிற்கின்றது. பையூட் மக்களின் வழித்தோன்றல்கள் தம் நீருரிமைக்காக இன்றும் வாதாடி வருகின்றனர். நினைவு தானாக நிலைப்பதில்லை. அதனை நிலைநிறுத்துவோர் வேண்டும் என்பதை இவை உணர்த்துகின்றன.

ஆகவே லோன் பைனுக்குச் செல்ல வேண்டாமென்று எவருக்கும் கூறுதல் எம் கருத்தன்று. செல்லுதல் வேண்டும். ரோய் ரோஜர்ஸ் குதிரையோட்டிய பாதையையும் பார்க்கலாம். ஆயின் அதே நாளில் மன்சனாரின் காவற் கோபுரத்தின் கீழும் நின்று பார்த்தல் வேண்டும். வற்றிய ஏரிப் படுகையின் வெண்மையையும், 1924 ஆம் ஆண்டு கைப்பற்றப்பட்ட மதகையும் பார்த்தல் வேண்டும். இவை வெவ்வேறு சுற்றுலாத் தலங்கள் அல்ல. ஒரே கதையின் பகுதிகள். அவற்றைத் தனித்தனியே பிரித்து, ஒன்றைக் களிப்புக்கும் மற்றொன்றைத் துக்கத்துக்கும் என ஒதுக்கிவைப்பதே மறதியின் மிக நுட்பமான வடிவமாகும்.

பல்கலைக்கழகத்திலே கலையும் வரலாறும் பயில்வோர் இப்பிரிவினையை ஏற்றுக்கொள்ளுதல் தகாது. திரையில் ஒரு நிலம் வெறுமையாகத் தோன்றும்போதெல்லாம், அதனை வெறுமையாக்கியோர் யாவர், அவ்வெறுமையால் இலாபம் பெற்றோர் யாவர் என்று வினவும் பழக்கம் எமக்கு வேண்டும். இவ்வினாவை எழுப்பாத திரைப்பட ரசனை எத்துணை நுண்மையானதாயினும், அது நிலத்தை இழந்தவனின் பக்கம் நிற்பதன்று. நிலத்தை எடுத்தவனின் பக்கம் நின்று காட்சியை ரசிப்பதேயாகும்.